குளிர்காலையும் ஸ்கூட்டர் ஓட்டுவோரின் கைகளும்

இலங்கை வெப்பநாடு என்று பூமிசாத்திரம் கற்பிக்கின்றது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வாழ்வோர்க்கு அக்கூற்று முற்றும் பொருந்தும். ஆயினும் அதே தீவின் நடுவே, கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ள நுவரெலியாவில், தை மாதத்து விடியற்பொழுதில் வீட்டுக் கதவைத் திறப்பவர் வேறொரு நாட்டைக் காண்கின்றார். புல்வெளியின்மீது வெண்பனி படிந்து கிடக்கும். வாயைத் திறந்தால் மூச்சு புகையாய் வெளிவரும். அந்நேரத்தில் பத்திரிகைக் கட்டுகளைச் சுமந்து செல்பவர், பால் சேகரிக்கச் செல்பவர், தோட்டத்து மருந்தகத்துக்கு விரையும் மருத்துவிச்சி, மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத் தொழிலுக்குச் செல்லும் தந்தை ஆகிய பலரும் ஸ்கூட்டரில் ஏறிப் புறப்படுகின்றனர். அவர்கள் அனைவரும் முதலில் சொல்லும் முறைப்பாடு ஒன்றே: கை விறைக்கின்றது என்பதே அது.

கை விறைப்பது சிறு துன்பம், சற்றுப் பல்லைக் கடித்துக்கொண்டால் தீர்ந்துவிடும் என்று எண்ணுவோர் பலர். அவ்வாறு எண்ணுவது தவறு. இக்காலத்தில் பெருவழக்காகவுள்ள, கியர் மாற்ற வேண்டாத ஸ்கூட்டர்களில் முன்சில்லின் பிரேக்கை வலக்கையும் பின்சில்லின் பிரேக்கை இடக்கையும் பிடிக்கின்றன. மோட்டார் சைக்கிளில் போலக் காலால் மிதிக்கும் பிரேக் இவற்றில் இல்லை. வண்டியை நிறுத்தும் பொறுப்பு முழுவதும் பத்து விரல்களையே சார்ந்தது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு செக்கனில் 11 மீற்றர் தூரத்தைக் கடக்கின்றது. விறைத்த விரல்கள் பிரேக்கைப் பற்ற ஒரு செக்கன் தாமதித்தால், அந்த 11 மீற்றருக்குள் ஒரு குழந்தை தெருவைக் கடக்கலாம். ஒரு பஸ் வண்டி வளைவில் எதிர்ப்படலாம். நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் பாதையில் வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்தே ஆகவேண்டும். எனவே கைகளைச் சூடாக வைத்திருப்பது சுகத்தை மட்டும் பற்றிய காரியமன்று. உயிரைப் பற்றிய காரியமுமாகும்.

மலைநாட்டில் இக்குளிர் எவ்வாறு உண்டாகின்றது என்பதை முதலில் நோக்குவோம். உயரம் ஏற ஏறக் காற்றின் வெப்பநிலை குறையும். ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் குறைவதாகப் பொதுவிற் கணிப்பர். இக்கணக்கின்படி கொழும்பைவிட நுவரெலியா 12 பாகையளவு குளிர்ந்திருத்தல் வேண்டும், அவ்வாறே இருக்கின்றது. இதனோடு இரவின் செயலும் சேர்கின்றது. தை, மாசி மாதங்களில் மேகமற்ற இரவுகளில் நிலம் தன் வெப்பத்தைத் தடையின்றி வானத்துக்கு இழந்துவிடுகின்றது. நிலத்தைத் தொட்டுக் குளிர்ந்த காற்று பாரமாகி, மலைச்சரிவுகளில் நீர்போல் வழிந்து, பள்ளங்களிலே தங்குகின்றது. பிதுருதலாகலை முதலிய மலைகள் சூழ்ந்த நுவரெலியா நகரம் அத்தகைய ஒரு கிண்ணத்தின் அடியிலே இருக்கின்றது. இக்குளிர் நள்ளிரவில் உச்சமடைவதில்லை. சூரியன் உதிக்கும் வேளையிலேதான் உச்சமடைகின்றது. மேட்டிலுள்ள வீட்டிலிருந்து பள்ளத்துப் பாதைக்கு இறங்குபவர் திடீரெனக் குளிர் மிகுவதை உணர்வதற்குக் காரணமும் இதுவே.

எனினும் நின்றுகொண்டிருப்பவரின் கை விறைக்காத குளிரில் ஓட்டுபவரின் கை விறைப்பது ஏன்? அதற்குக் காரணம் காற்று. நம் தோலையொட்டி, உடல் தானே சூடாக்கிய மெல்லிய காற்றுப்படை ஒன்று எப்போதும் இருக்கின்றது. அது கண்ணுக்குத் தெரியாத சட்டை போன்றது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அச்சட்டையைக் கணந்தோறும் உரித்தெறிகின்றது. உடல் மீண்டும் மீண்டும் புதிய காற்றைச் சூடாக்க வேண்டியதாகின்றது. பனியாலோ தூறலாலோ கையுறை நனைந்திருந்தால் இழப்பு பன்மடங்காகும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். அன்றியும் ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு 580 கலோரிக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தின் பெரும்பகுதியை ஓட்டுபவரின் விரல்களே கொடுத்தாக வேண்டும்.

காற்றின் இக்களவை அளந்தறிய முயன்றவர்களுள் அமெரிக்கராகிய போல் சைப்பிள், சார்ள்ஸ் பாசெல் என்னும் இருவர் குறிப்பிடத்தக்கவர். அவர்கள் 1941 ஆம் ஆண்டில் அந்தாட்டிக்காவில், நீர் நிறைத்த சிறு பிளாஸ்டிக் உருளையைக் காற்றிலே தொங்கவிட்டு, அந்நீர் உறைவதற்கு எவ்வளவு நேரம் செல்கின்றதெனக் குறித்தனர். அதன் பெறுபேறுகள் 1945 இல் வெளியாகின. 2001 ஆம் ஆண்டில் கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் மனிதரின் முகத்தைக் கொண்டு செய்த பரிசோதனைகளின்படி அக்கணக்கைத் திருத்தியமைத்தன. அத்திருத்திய கணக்கின்படி, 5 பாகைக் குளிரில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகக் காற்றுப்பட்டால், உடல் உணரும் குளிர் பூச்சியத்துக்கு 1 பாகை கீழே இருக்கும். பூச்சியப் பாகையில் அதே காற்றுப்பட்டால் உணரப்படுவது பூச்சியத்துக்கு 7 பாகை கீழான குளிராகும். இக்கணக்கு முகத்துக்காக வகுக்கப்பட்டதாயினும், ஸ்கூட்டரில் முன்னே நீட்டிய கைக்கும் அது நல்லதோர் அளவுகோலே.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். 5 பாகைக் காற்று எவ்வளவு வேகமாக வீசினும் தோலை 5 பாகைக்குக் கீழே குளிர்விக்க அதனால் இயலாது. காற்று வெப்பத்தை விரைந்து கவர்ந்து செல்கின்றதேயன்றித் தன்னிலும் குளிர்ந்த நிலையை உண்டாக்குவதில்லை. ஈரமான தோலில் நீர் ஆவியாவதால் மேலும் சிறிது குளிர்ச்சி உண்டாகலாம், அஃது வேறு. ஆகவே மலைநாட்டில் ஓட்டுபவரின் விரல்கள் வடதுருவ நாட்டார் விரல்களைப்போல் உறைந்து கருகிப்போகும் என்று அஞ்சவேண்டியதில்லை. அஞ்சவேண்டியது விரல்களின் உணர்வும் வலுவும் குன்றுவதையே. விரல் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 15 பாகைக்குக் கீழ் இறங்கும்போது நுண்ணிய வேலைகளைச் செய்யும் திறன் தளரத் தொடங்குகின்றது. இன்னும் இறங்கினால் தொடுவுணர்ச்சியே மழுங்கிவிடுகின்றது. பிரேக்கை எவ்வளவு அழுத்துகின்றோம் என்பதே அப்போது தெரியாது.

இனி, உடலினுள்ளே நிகழ்வதைக் காண்போம். குளிர் மிகும்போது உடல் ஒரு சிக்கனக்காரரைப்போல நடந்துகொள்கின்றது. இருதயம், மூளை முதலிய தலையாய உறுப்புகளை 37 பாகையளவிற் காப்பதே அதன் முதற் கடமை. அக்கடமையை நிறைவேற்ற, கைகால்களுக்குச் செல்லும் குருதிக்கலன்களை அஃது ஒடுக்கிவிடுகின்றது. சூடான குருதி விரல்களுக்குச் செல்வது குறைகின்றது. விரல்களிலோ தசை மிகச் சிறிது. தாமாக வெப்பத்தை உண்டாக்க அவற்றால் இயலாது. மெலிந்து நீண்ட வடிவத்தால் அவை இருக்கும் வெப்பத்தையும் விரைவில் இழக்கின்றன. குருதி என்னும் வெந்நீர் ஓடாவிட்டால் விரல்கள் அடுப்பில்லா அறைபோற் குளிர்ந்துவிடும்.

1930 ஆம் ஆண்டில் தோமஸ் லூயிஸ் என்னும் பிரித்தானிய மருத்துவர் ஒரு வியப்பான செய்தியைக் கண்டறிந்து வெளியிட்டார். பனிக்கட்டி நீரில் விரலை அமிழ்த்தி வைத்தால், சில நிமிடங்கள் குளிர்ந்தபின் ஒடுங்கிய குருதிக்கலன்கள் மீண்டும் விரிந்து விரல் சற்றுச் சூடேறும். பின்னர் மறுபடியும் ஒடுங்கும். இவ்வாறு ஒடுங்குதலும் விரிதலும் மாறிமாறி நிகழும். உடல் தன் விரல்களைக் கைவிட்டுவிடுவதில்லை என்பதற்கு இது சான்று. ஆனால் மார்பும் வயிறும் சூடாக இருக்கும்போதே இந்த உதவி தாராளமாகக் கிட்டும். உடல் முழுவதும் குளிர்ந்திருந்தால் இது மந்தமாகிவிடும். இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. கையைச் சூடாக்க விரும்புபவர் முதலில் மார்பைச் சூடாக்குதல் வேண்டும். விலையுயர்ந்த கையுறையை அணிந்து, மெல்லிய சட்டையோடு புறப்படுபவரின் விரல்கள் விறைத்தே தீரும்.

ஆகவே காப்பு முறைகளை இந்த ஒழுங்கிலேயே கூறுதல் பொருத்தமாகும். முதலாவது, உடலின் நடுப்பகுதி. ஒரு தடித்த ஆடையைவிட இரண்டு மூன்று மெல்லிய ஆடைகள் நன்று. அவற்றிடையே தங்கும் காற்றே குளிரைத் தடுக்கின்றது. எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத மேலங்கி ஒன்று வேண்டும். கம்பளி எவ்வளவு தடிப்பாயினும் அதன் கண்களூடே காற்று நுழைந்துவிடும். கழுத்தைச் சுற்றி ஒரு துணி அவசியம். ஆனால் அதன் முனைகளை மேலங்கியினுள்ளே செருகிவிடுதல் வேண்டும். மேலங்கி இல்லாதவர் பழைய பத்திரிகைத் தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் மார்பின்மேல் வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவில் மலையுச்சியிலிருந்து இறங்கும் துவிச்சக்கரவண்டிப் பந்தயக்காரர்கள் நெடுங்காலம் கையாண்ட உபாயம் இது. வெறுவயிற்றோடு புறப்படாமையும் முக்கியம். உடல் வெப்பத்தை உண்டாக்குவது உணவிலிருந்தே.

இரண்டாவது, மணிக்கட்டு. வைத்தியர் நாடி பார்க்கும் இடத்தில் கைக்குச் செல்லும் குருதி தோலுக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகின்றது. விரல்களை மடக்கும் தசைகளுட் பெரியவை முன்கையிலே இருக்க, அவற்றின் நாண்கள் மணிக்கட்டின் வழியாகவே விரல்களை அடைகின்றன. கையுறைக்கும் சட்டைக்கையின் முடிவுக்கும் இடையே இரண்டு விரற்கடை வெறும் தோல் தெரிந்தால், அவ்வாயிலாகக் குளிர் இரண்டையும் தாக்குகின்றது. கையுறையின் விளிம்பை மேலங்கியின் கைக்குள்ளே செருகலாம், அல்லது அதன்மேல் ஏற்றி இறுக்கலாம். கையுறை குட்டையானால் பழைய கம்பளி மேசின் பாதத்தை வெட்டி நீக்கி, எஞ்சிய குழாயை மணிக்கட்டில் அணிந்துகொண்டால் போதும். செலவில்லாத இக்காப்பு தரும் பயன் பெரிது.

மூன்றாவதே கையுறை. கையுறை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உள்ள வெப்பத்தைக் காக்கின்றது, அவ்வளவே. குளிர்ந்த கையைக் கையுறைக்குள் இட்டால் அது குளிரையே காத்துக்கொண்டிருக்கும். ஆதலால் வீட்டினுள்ளே, கை சூடாக இருக்கும்போதே அதனை அணிதல் வேண்டும். இரவு முழுதும் வண்டியிலே கிடந்த கையுறையை விடியலில் அணிவது பனிக்கட்டிக்குள் கையை விடுவதற்கு ஒப்பாகும். உள்ளே மெல்லிய பட்டு அல்லது கம்பளியுறை, வெளியே காற்றும் நீரும் புகாத உறை என இரண்டாக அணிவது நன்று. ஆனால் இரண்டும் சேர்ந்து கையை இறுக்கக்கூடாது. இறுக்கினால் உள்ளிருக்கும் காற்றும் வெளியேறும், குருதியோட்டமும் தடைப்படும். உள்ளே விரல்களை அசைக்க இடமிருத்தல் வேண்டும். கம்பளிக் கையுறை மட்டுமே உடையவர், அதன் உள்ளே மெல்லிய இறப்பர்க் கையுறையை அணியலாம். சிலர் பொலித்தீன் பையைக் கையுறைக்கு மேலே சுற்றிக்கொள்வர். இஃது அபாயமானது, பிரேக்கின் மேல் கை வழுக்கும்.

நான்காவது, காற்றையே கையில் படாமல் தடுப்பது. ஸ்கூட்டரின் அமைப்பில் ஒரு வேடிக்கை உண்டு. 1946 இல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் வெஸ்பாவை வெளியிட்டபோது, அதன் முன்புறத்தே அகன்ற தகடு ஒன்றை அமைத்துக் கால்களைச் சேற்றிலிருந்தும் காற்றிலிருந்தும் காத்தது. இன்றைய ஸ்கூட்டர்களும் அவ்வமைப்பையே பின்பற்றுகின்றன. காலுக்குக் கவசம் உண்டு. கையோ கவசத்துக்கு மேலே வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கின்றது. இக்குறையை நிரப்பக் குளிர்நாட்டார் கண்ட வழிதான் கைப்பிடி உறை. இத்தாலியிலும் யப்பானிலும் கொரியாவிலும் மாரிகாலத்தில், கைப்பிடியையும் பிரேக்கையும் ஒருசேர மூடும் பெரிய உறைகளை வண்டியிலேயே கட்டிவிடுகின்றனர். ஓட்டுபவர் அவ்வுறைக்குள் கையை நுழைத்துக் கைப்பிடியைப் பற்றுகின்றார். உள்ளே காற்று அசையாமல் நிற்பதால் மெல்லிய கையுறையே போதுமாகின்றது. பிரேக்கின் உணர்வும் கெடுவதில்லை. வடசீன நகரங்களில் மின்சார ஸ்கூட்டர் ஓட்டுவோர் கையுறைகள் இணைத்துத் தைத்த தடித்த போர்வையொன்றை வண்டியின் முன்னே கட்டிக்கொள்கின்றனர்.

இத்தகைய உறையைத் தடித்த இறப்பர்த் துணிகொண்டு நம்மூர்த் தையற்காரரே தைத்துத் தரலாம். ஆயினும் சில சோதனைகள் செய்யாமல் வண்டியைத் தெருவில் இறக்கலாகாது. வேகத்தைக் கூட்டும் பிடியைத் திருப்பிவிட்டால் அது தடையின்றித் தானே பழைய நிலைக்குத் திரும்புகின்றதா? கைப்பிடியை இருபுறமும் முற்றாகத் திருப்பும்போது உறை எங்கேனும் சிக்குகின்றதா? பிரேக்கை அது தானாக அழுத்துகின்றதா? சமிக்கை விளக்கின் ஆளியும் ஹோர்னும் விரலுக்கு எட்டுகின்றனவா? கையை ஒரே இழுப்பில் வெளியே எடுக்க முடிகின்றதா? இக்கேள்விகளுள் ஒன்றுக்கேனும் தக்க விடை கிடையாவிடின் அவ்வுறையைக் கழற்றிவிடுவதே நன்று.

மின்சாரத்தாற் சூடேறும் கைப்பிடிகளும் உள்ளன. அவை உள்ளங்கையைச் சூடாக்குவன. எதிர்க்காற்று படுவதோ புறங்கையில். எனவே காற்றுத்தடுப்பு இல்லாமல் அவற்றால் முழுப்பயன் கிட்டாது. சிறிய ஸ்கூட்டரின் மின்னாக்கி தரும் ஆற்றலும் சிறிதாகையால், பற்றரிக்கு அப்பாரத்தைத் தாங்கும் வலுவுண்டா என்பதைத் திருத்துநரிடம் கேட்டறிந்த பின்னரே பொருத்துதல் வேண்டும். பிரேக் நெம்புகள் உலோகமாகையால் விரலின் சூட்டை உறிஞ்சும். அவற்றுக்கு இறப்பர்க் குழாயுறை இடுவது எளிய பரிகாரம்.

ஓட்டும்போது கடைப்பிடிக்கவேண்டியவையும் உள. கைப்பிடியை இறுகப் பற்றுவது குருதியோட்டத்தைக் குறைக்கும். ஆகையாற் பிடி தளர்வாக இருத்தல் வேண்டும். வேகத்தைக் குறைத்தால் காற்றின் களவும் குறையும். நிறுத்துவதற்கு வேண்டிய தூரமும் குறையும். வண்டியின் பின்னே அமர்ந்து தந்தையின் இடையைப் பற்றிச் செல்லும் குழந்தையை மறத்தலாகாது. தந்தையின் முதுகு அதன் மார்பைக் காக்கின்றதேயன்றி, முன்னே நீண்ட சிறு கைகளைக் காப்பதில்லை. சிறுவர் கை பெரியவர் கையைவிட விரைவிற் குளிரும். விறைத்த கையாற் குழந்தை பிடியை விட்டுவிடுமாயின் நேரக்கூடியதைச் சொல்லவேண்டியதில்லை. வீட்டில் ஒரே சோடி நல்ல கையுறை இருந்தால், இருவரும் ஒன்றாகப் புறப்படாமல் வெயில் ஏறும்வரை சற்றுப் பொறுத்துச் செல்வது நன்று. அல்லது குழந்தையைப் பஸ் வண்டியில் அனுப்புவது நன்று.

இவ்வளவு செய்தும் விரல் விறைத்தால் நிறுத்துதல் வேண்டும். பெருவிரலால் மற்றைய விரல்களின் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது எளிய சோதனை. தொட இயலாவிடின் அக்கை பிரேக் பிடிக்கத் தகுதியற்றது. வண்டியைப் பாதையோரத்தில் நிறுத்தி, கைகளைத் தோளிலிருந்து பெரிய வட்டமாகச் சில தடவை வீசினால் குருதி விரல்நுனிக்கு ஓடும். பின்னர் கைகளை அக்குளில் வைத்துக்கொள்ளலாம். தேநீர்க் கடையின் சூடான கோப்பையும் நல்ல துணையே. ஆனால் உணர்வற்ற கையை ஸ்கூட்டரின் புகைக்குழாயில் வைத்துச் சூடேற்றலாகாது. தோல் வெந்த பின்னரே வலி தெரியும். புகைபிடித்தல் விரல்களின் குருதிக்கலன்களை மேலும் ஒடுக்கும். மதுபானமோ தோலின் கலன்களை விரித்துச் சூடேறியதுபோன்ற மயக்கத்தைத் தந்து, உண்மையில் உடலின் வெப்பத்தை வெளியேற்றிவிடும். குடித்துவிட்டு ஓட்டுவதன் ஏனைய கேடுகளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

சிலருக்கு இலேசான குளிரிலேயே விரல்கள் வெளுத்து, நீலம்பாரித்து, பின் சிவக்கும். 1862 இல் இதனை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் மொரிஸ் ரேனோவின் பெயராலேயே இந்நோய் வழங்குகின்றது. இக்குறியுடையோரும், நீரிழிவால் கைகளில் உணர்வு குன்றியோரும் குளிரைப் பொறுத்துப் பழகிக்கொள்ளலாம் என்று எண்ணாது மருத்துவரை நாடுதல் வேண்டும்.

மலைநாட்டுக் குளிரைத் தாங்குவதே ஆண்மை என்று எண்ணும் இளைஞர் உளர். குளிர் மனவுறுதிக்குப் பணிவதில்லை. பத்திரிகைத் தாளுக்கும், பழைய மேசுக்கும், காற்றுப் புகாத ஒரு துணித்துண்டுக்குமே பணிகின்றது. புறப்படுமுன் மார்பையும் மணிக்கட்டையும் மூடி, கையுறையைச் சூடாக அணிந்து, இரு பிரேக்குகளையும் ஒருமுறை அழுத்திப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடங்கள் போதும். இறம்பொடை வளைவிலே வண்டி வேண்டிய இடத்தில் நிற்குமா என்பது அந்த இரண்டு நிமிடங்களிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றது.